பெரிய தாத்தாவின் பட்டாளத்துப் படம்: எந்த வருடம், எந்தப் படைப்பிரிவு?

கேள்வி இதுதான். வேலூர்ப் பக்கத்துக் கிராம வீட்டின் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் தபால் அட்டை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்திருக்கிறது. அரைக்கால் சட்டை, இரண்டு பை வைத்த சட்டை, சாய்த்து வைத்த தொப்பி, புஜத்தில் மூன்று பட்டை, மார்பில் இரண்டு ரிப்பன், தோளில் வளைந்த பித்தளை எழுத்துகள். பின்னால் பெங்களூர் ஸ்டூடியோ ஒன்றின் ரப்பர் முத்திரை. தாத்தாவின் அண்ணன் என்கிறார்கள். "முதல் உலகப் போரில் பர்மாவில் சண்டை போட்டவர்" என்பது வீட்டுக் கதை. எந்த வருடம், எந்தப் படைப்பிரிவு என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன: இந்தத் தாள் எப்போது அச்சானது, சீருடை எந்தக் காலத்தது, நிற்பவர் உங்கள் பெரிய தாத்தாதானா, வீட்டுக் கதை சரியா. ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்ற மூன்றுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள்.

நீங்கள் சொன்ன விவரங்களை வைத்து முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. சீருடையில் இருப்பவர் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற பிரிவின் ஹவில்தார். படம் 1935க்கு முந்தியது அல்ல என்பது உறுதி. ரிப்பன்களை நீங்கள் சரியாகப் பார்த்திருந்தால் 1945 மே மாதத்துக்கும் முந்தியது அல்ல. 1947க்குள் எடுத்தது என்பது நல்ல ஊகம், ஆனால் ஊகம்தான். அவர் பெயரும் ஊரும் படத்தில் எங்கும் இல்லை. அதைத் தாளிலிருந்தும் துணியிலிருந்தும் யாராலும் வரவழைக்க முடியாது.

தோளில் இருக்கும் எழுத்துகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் படத்தில் மிக வலுவான சான்று அதுதான். ஐந்து எழுத்து, முதல் எழுத்து 'ஆர்', கடைசி எழுத்து 'சி' மாதிரி தெரிகிறது, நடுவில் மங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர், ஐ, ஏ, எஸ், சி. ராணுவத்துக்கு அரிசி, பருப்பு, பெட்ரோல், லாரி, கோவேறு கழுதை எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்த பிரிவு அது. முன்பு சப்ளை அண்ட் டிரான்ஸ்போர்ட் கோர். 1923இல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் ஆனது. 'ராயல்' பட்டம் 1935இல் வந்தது. 1950 ஜனவரியில் குடியரசானபோது போனது. ஆகவே முன்னால் ஒரு 'ஆர்' இருந்தாலே 1935 முதல் 1950 வரை என்று வேலி போட்டாயிற்று. முதல் உலகப் போர் இந்த வேலிக்குள் வராது. நடு எழுத்துகளை உறுதிசெய்ய, பூதக்கண்ணாடியில் எழுத்தைப் படிக்க முயலாதீர்கள். மேல்விளிம்பில் எத்தனை மேடு இருக்கிறது என்று எண்ணுங்கள். 'ஐ' ஒரு ஒல்லிக் குச்சி, 'ஏ' கூம்பு, 'எஸ்' இரண்டு வளைவு. உருவத்தை வைத்து எழுத்தைச் சொல்வது, எழுத்தை எதிர்பார்த்து உருவத்தைக் காண்பதைவிடப் பாதுகாப்பானது.

இதே முறை வேறு பிரிவுகளுக்கும் உதவும், ஏனென்றால் போர்க்காலத்தில் பிரிவுகளின் பெயர்கள் அடிக்கடி மாறின. வண்டி, ஆயுதம் பழுதுபார்க்கும் இ.எம்.இ பிரிவு 1943இல்தான் தோன்றியது. முதலில் அதன் தோள் எழுத்து ஐ, இ, எம், இ. மருத்துவப் பிரிவான ஐ.ஏ.எம்.சி 1943 ஏப்ரலில் உருவானது. அதற்கு முன் ஆஸ்பத்திரிச் சிப்பாய் என்றால் இந்தியன் ஹாஸ்பிடல் கோர். பீரங்கிப் படைக்கு 'ராயல்' 1945இல், எஞ்சினியர்களுக்கு 1946இல். விமானப் படைக்கு 1945 மார்ச்சில் வந்து 1950இல் போனது. கடற்படை மட்டும் 1934லேயே ராயல். ஒரு எழுத்து கூடுவதும் குறைவதும் ஸ்டூடியோக்காரர் தேதி எழுதிக் கொடுத்த மாதிரி.

இங்கே ஒரு பொறி உண்டு. தமிழ்நாட்டுக்காரர் என்றதும் 'மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். பழைய மெட்ராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் 1922 சீர்திருத்தத்தில் 3வது மெட்ராஸ் ரெஜிமெண்டாக ஒன்று சேர்க்கப்பட்டு, 1928க்குள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மெட்ராஸ் பயனியர்களும் 1933இல் கலைந்தார்கள். கோவையை அடுத்த மதுக்கரையில் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பியது 1941இல். நீலகிரியில் உள்ள வெலிங்டனுக்குப் போனது 1947இல். நடுவில் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் மெட்ராஸ் காலாட்படை என்று முழுநேரப் படையே கிடையாது. ஆகவே "1935இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார்" என்று ஒரு வீட்டில் சொன்னால், ஒன்று வருடம் தவறு அல்லது பிரிவு தவறு. அந்த இடைவெளியில் தமிழருக்கு ராணுவத்தில் பெரிய வாசல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற எஞ்சினியர் படை, அதாவது பெங்களூர்த் 'தம்பி'கள். அவர்களுடைய பழைய படங்கள் என்றால் தலையைப் பாருங்கள்: 'தூப்தா' என்னும், விளிம்பில்லாத உருளை மாதிரி விறைத்து நிற்கும் தொப்பி. அது இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, சாப்பர்ஸ்தான். தொப்பியில் யானை இருந்தால் மெட்ராஸ் ரெஜிமெண்ட். 1803 அசாயே போரின் நினைவு அது.

மூன்று பட்டை, கூர்முனை கீழே பார்த்திருக்கிறது, இரண்டு புஜத்திலும் இருக்கிறது என்றால் ஹவில்தார்; இரண்டு பட்டை நாயக், ஒன்று லான்ஸ் நாயக். இடது முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே, கூர்முனை மேலே பார்த்தபடி பட்டை இருந்தால் அது பதவி அல்ல, நன்னடத்தைப் பட்டை. பல வீடுகளில் இதை வைத்தே சாதாரணச் சிப்பாயை ஹவில்தார் ஆக்கிவிடுகிறார்கள். தோளில் நட்சத்திரம் என்றால் ஜமேதார் (ஒன்று), சுபேதார் (இரண்டு). அந்த நட்சத்திரத்தின் வடிவமும் தேதி சொல்லும்: பிரிட்டிஷ் காலத்தது நடுவில் வட்டம் வைத்த, சதுரத்தைத் திருப்பி வைத்த மாதிரியான வடிவம்; 1950க்குப் பிறகு இந்தியாவில் ஐந்து முனை நட்சத்திரம், கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கம். ஜமேதார் என்ற பெயரே 1965இல் நாயப் சுபேதார் ஆகிவிட்டது, அதனால் பின்குறிப்பில் எந்தச் சொல் எழுதியிருக்கிறது என்பதும் பயன்படும். இலங்கைப் படங்களுக்கு இந்த 1950 கணக்கு செல்லாது. அங்கே ராணுவமே 1949 அக்டோபரில்தான் அமைந்தது, முடியாட்சி 1972 வரை நீடித்தது.

இனி ரிப்பன், அதாவது பதக்கத்துக்குப் பதிலாக மார்பில் குத்தும் வண்ணத் துணிப்பட்டை. முதலில் ஒரு திருத்தம்: ரிப்பன் "வலது பக்கம்" இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்கும் உங்களுக்கு வலது என்றால் அணிந்தவருக்கு அது இடது மார்பு, அதுதான் சரியான இடம். அணிந்தவருக்கே வலது என்றால் இரண்டில் ஒன்று: நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள், அல்லது இறந்துபோன உறவினரின் பதக்கங்களை அணிந்திருக்கிறார். சட்டைப் பொத்தானைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடது பாதிதான் மேலே வரும். அது மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது, தோள் எழுத்துகளையும் கண்ணாடியில் காட்டித்தான் படிக்க வேண்டும்.

ரிப்பனின் பலம் என்னவென்றால், அது அறிவிக்கப்படுவதற்கு முன்பு யாரும் அதைக் குத்திக்கொண்டிருக்க முடியாது. ஸ்டார் என்பது நட்சத்திர வடிவப் போர்ப் பதக்கம். ஆப்பிரிக்கா ஸ்டாரும், பிறகு 1939–45 ஸ்டார் என்று பெயர் நீண்ட 1939–43 ஸ்டாரும் 1943 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. பர்மா, இத்தாலி ஸ்டார்கள் 1945 மே மாதம். போர் பதக்கம் 1945 ஆகஸ்ட். இந்தியா சர்வீஸ் மெடல் 1946. அதாவது போர் நடந்த ஆண்டு வேறு, ரிப்பன் மார்புக்கு வந்த ஆண்டு வேறு. 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய சிப்பாய் 1944இல் எடுத்த படத்தில் பர்மா ஸ்டார் இருக்காது.

உங்கள் படத்தின் முதல் ரிப்பன் மூன்று சம அகலப் பட்டை என்கிறீர்கள். 1939–45 ஸ்டார் அப்படித்தான்: கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம், கடற்படை, தரைப்படை, விமானப்படை. இரண்டாவதில் நடுவில் அகலப் பட்டை, இரு பக்கமும் உள்ள பட்டைகளுக்குள் மெல்லிய கோடு. பர்மா ஸ்டாரின் அமைப்பு அது: நடுவில் சிவப்பு, இருபுறமும் கருநீலம், ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் ஓர் ஆரஞ்சுக் கோடு. இதில்தான் கறுப்பு வெள்ளைப் படம் ஏமாற்றும். சில ஸ்டூடியோக்கள் பழைய ஆர்த்தோகுரோமாடிக் பிளேட்டையே பயன்படுத்தின, அதற்குச் சிவப்பும் ஆரஞ்சும் தெரியாது, கறுப்பாக விழும், நீலமோ வெளுத்துப்போகும். பான்குரோமாடிக் பிலிமில் தலைகீழ்: நீலம் இருட்டாக, ஆரஞ்சு வெளிச்சமாக வரும். ஒரே பர்மா ஸ்டார் ஒரு படத்தில் இருட்டுப் பட்டைக்குள் வெள்ளைக் கோடாகவும், இன்னொன்றில் வெளிர்ப் பட்டைக்குள் கறுப்புக் கோடாகவும் தெரியும். எந்த வகைப் பிலிம் என்று கண்டுபிடிக்க உதட்டைப் பாருங்கள். உதடு கறுத்து, முகத்தின் அம்மைத்தழும்பும் புள்ளிகளும் உரத்துத் தெரிந்தால் ஆர்த்தோ. ஆகவே ரிப்பனில் நிறத்தை யூகிக்காமல் கோடுகளின் எண்ணிக்கையையும் அகல விகிதத்தையும் மட்டும் நம்புங்கள். அமைப்பு பொருந்துகிறது, அதனால்தான் 1945 மே என்றேன்.

இருக்கும் ரிப்பன் வலுவான சான்று, இல்லாத ரிப்பன் பலவீனமான சான்று. போர் பதக்க ரிப்பன் இல்லையே, ஆகவே 1945 ஆகஸ்டுக்கு முன்பு என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. உத்தரவு வந்து, பட்டியல் தயாராகி, துணி டிப்போவுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பலர் பட்டாளத்தை விட்டு வீட்டுக்கு வந்தபின்தான் பதக்கமே தபாலில் வந்தது. 1947க்குள் என்பதை நான் ஊகம் என்று பிரித்து வைத்ததும் இதனால்தான். போர் முடிந்து ஆட்களைக் கழித்து அனுப்பிய சமயத்தில், ஊருக்குப் புறப்படும் முன் முகாம் ஊரில் படம் எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். அது பொருந்துகிறது, நிரூபணம் அல்ல.

அரைக்கால் சட்டையும் தொப்பியும் இந்த முடிவோடு ஒத்துப்போகின்றன, ஆனால் தனியாக நின்று எதையும் சொல்லாது. முதல் போரிலும் இந்தியச் சிப்பாய்கள் காக்கி அரைக்கால் சட்டை போட்டார்கள். அந்தக் காலத்துக்கு உரியது மேலே போடும் துணிதான்: தொடை வரை தொங்கும் ஜிப்பா மாதிரியான காக்கிச் சட்டை, முழங்கால் வரை சுற்றிய பட்டி, தலைப்பாகை. விரிந்த காலர், இரண்டு மார்புப் பை, கணுக்காலில் மட்டும் குட்டையான பட்டி என்றால் இரண்டாம் போர்ப் பக்கம் சாயலாம். இடுப்பில் துணிவார்ப் பெல்ட்டும் மார்பில் இரண்டு பெரிய பையும் இருந்தால் அது 1937 மாதிரி உபகரணம். ஆனால் இந்திய ராணுவத்தில் பழைய சாமானை வருடக்கணக்கில் வைத்து ஓட்டினார்கள். புதுச் சாமான் 'இதற்கு முன் அல்ல' என்று சொல்லும். பழைய சாமான் 'இதற்குப் பின் அல்ல' என்று ஒருபோதும் சொல்லாது. காக்கியா, பர்மாக் காட்டுக்கான பச்சையா என்பது கறுப்பு வெள்ளையில் தெரியவே தெரியாது. தெரிகிறது என்பவரை நம்பாதீர்கள். கை வண்ணம் பூசிய படமென்றால் அந்த வண்ணம் ஸ்டூடியோ ஆர்ட்டிஸ்டின் மனத்தில் இருந்தது.

புஜத்தில் சதுரத் துணிச் சின்னம் ஏதாவது தைத்திருக்கிறதா என்று கேள்வியில் சொல்லவில்லை. இருந்தால் அது டிவிஷன் சின்னம்: 4வது டிவிஷனுக்குச் செங்கழுகு, 7க்கு அம்பு, 17க்குக் கரும்பூனை, 23க்குச் சண்டைச் சேவல், 1942இல் பெங்களூரில் அமைத்த 25க்கு ஸ்பேடு ஆசு. சீட்டாடுகிறவர் வீட்டில் கடைசிச் சின்னத்தைத் தவறவிட மாட்டார்கள். ஆனால் சர்வீஸ் கோர் கம்பெனிகள் ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தன. சின்னம் படம் எடுத்த நாளுக்கு மட்டும்தான் சாட்சி.

தாளுக்கு வருகிறேன். சீருடை 1945ஆக இருக்கலாம், கையில் இருக்கும் அச்சு 1975ஆக இருக்கலாம். தபால் அட்டை அளவு, அதாவது சுமார் மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம், 1900களின் தொடக்கத்திலிருந்து 1940களைத் தாண்டியும் வழக்கில் இருந்தது, எனவே அளவு அதிகம் உதவாது. பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக, ஓரம் கிழிந்த இடத்தில் நார் தெரியாமல் ஏடாகப் பிரிந்தால் அது ரெசின் பூசிய தாள், 1970களில்தான் பரவியது. அப்படியானால் கையில் இருப்பது நகல், அசல் வேறு யாரோ பங்காளி வீட்டில் இருக்கலாம். காகிதத் தாள்தான் என்றால், ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கை இருட்டறையில் பின்பக்கம் காட்டுங்கள். ஃபோட்டோத் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தது 1950களில். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அச்சு 1950க்குப் பிந்தியது. ஒளிராவிட்டால் பழையதாக இருக்கலாம், அவ்வளவுதான். எல்லாத் தாளிலும் அந்த ரசாயனம் இல்லை. பசை, செலோடேப் கறை, சோப்புத் துணியால் துடைத்த இடம் இவையும் ஒளிரும், ஆகவே இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். படத்தின் கறுப்புப் பகுதிகளைச் சாய்த்துப் பார்த்தால் பாதரசம் பூசிய மாதிரி நீலவெள்ளி மினுமினுப்பு தெரிகிறதா? அது வெள்ளி மேலே வந்திருப்பது. பழைய அச்சின் லட்சணம். துடைக்காதீர்கள்.

ரப்பர் முத்திரையை முழுதாகப் படியுங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. 'மைசூர் ஸ்டேட்' என்றிருந்தால் 1973 நவம்பருக்கு முன்பு. மெட்ராஸ் ஸ்டூடியோ ஒன்றில் 'தமிழ்நாடு' என்றிருந்தால் பெரும்பாலும் 1969க்குப் பின்பு. விலை அணாவில் குறித்திருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. முத்திரை மங்கியிருந்தால், மேசை விளக்கைத் தாளின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் வெளிச்சம் விழ வையுங்கள். பென்சிலால் அழுத்தி எழுதி அழித்தது கூட நிழலாக எழுந்து நிற்கும். பெங்களூர் முத்திரை இருப்பதால் அவர் பெங்களூர்ப் பிரிவு என்று ஆகாது. பயிற்சி, இடமாற்றம், ஆஸ்பத்திரி, லீவு, கழித்து அனுப்புதல் என்று தென்னிந்தியச் சிப்பாய் எப்படியும் ஒருமுறை அந்த ஊரை மிதித்திருப்பார்.

ஸ்கேன் செய்யும்போது முன்னும் பின்னும் எடுங்கள், தபால் அட்டை அளவுக்கு 600 டிபிஐ, ரிப்பனும் தோளும் மட்டும் 1200இல் தனியாக, டிஃப் கோப்பாக. வாட்ஸாப்பில் அனுப்பிய நகலை வைத்து யாரிடமும் அடையாளம் கேட்காதீர்கள். அது பித்தளை எழுத்தை முதலில் தின்றுவிடும். முகத்தைத் 'தெளிவாக்கும்' செயலிகள் அதைவிட மோசம். இல்லாத எழுத்தையும் இல்லாத மூக்கையும் அவை புதிதாக வரைந்து தருகின்றன, அதைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை அவரை நினைவு வைத்திருக்கும். சட்டத்துக் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காதீர்கள், நனைக்காதீர்கள். கண்ணாடிக்கு மேலேயே சாய்வெளிச்சத்தில் கேமராவால் எடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

ஆள் அவர்தானா என்ற கேள்வி கடினமானது. முகாம்களில் நண்பர்கள் படங்களை மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் பெட்டியில் இருக்கும் படம் அவருடையது என்று கட்டாயமில்லை. நிச்சயமாக அவர்தான் என்று தெரிந்த வயதான காலத்துப் படம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காதுகளை ஒப்பிடுங்கள். மடல் வயதோடு தொங்கும், ஆனால் உள்மடிப்புகளின் வடிவம் பெரிதாக மாறாது. நம் ஊர் ஆண்களுக்குச் சிறுவயதில் காது குத்திய துளை ஓர் அடையாளம். கையில் பச்சை குத்தியது இன்னொன்று. மச்சமும் அம்மைத்தழும்பும் எதிரான சாட்சி ஆகாது, ஏனென்றால் ஸ்டூடியோ ரீடச்சிங்கில் அவைதான் முதலில் போகும். பெரிதாக்கிச் சட்டம் போட்ட படங்களில் முகம் ஒருவருடையது, சீருடை வரைந்தது என்பதும் உண்டு; கழுத்தும் காலரும் சேரும் இடத்தில் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக் கதையைத் தூக்கி எறிய வேண்டாம். முதல் உலகப் போரில் பர்மாவில் பெரும் போர்முனை எதுவும் இல்லை; அங்கே சண்டை 1941 டிசம்பர் முதல் 1945 வரை. கதையில் 'முதல்' மட்டும் தவறி, 'பர்மா' சரியாக இருந்திருக்கிறது. ஆனால் பர்மா ஸ்டார் கொடுத்த விதிகளில் வங்காளத்திலும் அசாமிலும் குறிப்பிட்ட காலங்களில் பணி செய்தவர்களும் சேர்ந்தார்கள். லாரி, ரேஷன் ஓட்டிய பிரிவில் இருந்தவர் எல்லையைத் தாண்டாமலே அந்த ரிப்பனுக்கு உரியவராக இருந்திருக்கலாம். ரங்கூன் வரை போனாரா, இந்திய எல்லைக்குள் இருக்கும் திமாப்பூர் வரையா என்பதைப் படம் சொல்லாது.

அதைச் சொல்லப்போவது ராணுவ நம்பர் ஒன்றுதான். பெயரை வைத்துத் தேடினால் அலைச்சல் அதிகம். குமாஸ்தாவின் ஆங்கில எழுத்தில் ஒரே முனுசாமி மூனூசாமி, முனிஸ்வாமி, முன்சாமி என்று நாலு பேர் ஆகிவிடுவார். அதே டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கம் வந்த அட்டைப்பெட்டி, பென்ஷன் புத்தகம், கழுத்தில் போடும் வட்டத் தகடு, மணியார்டர் ரசீது எதுவாவது இருக்கிறதா பாருங்கள். முதல் போர்ப் பதக்கமாக இருந்தால் விளிம்பிலேயே நம்பர், பதவி, பெயர், பிரிவு பொறித்திருப்பார்கள். அதைப் பிராஸோ போட்டுத் தேய்த்து அழித்த வீடுகள் ஏராளம். பழைய கடித உறைகள் இருந்தால் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் எண்ணும் தேதியும் சேர்த்துக் குறியுங்கள். எண் மட்டும் போதாது, அந்த அலுவலகங்கள் படையோடு இடம் மாறின.

பெட்டியில் ஒன்றும் இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை கொடுத்து வந்தது. அவரோ பெரிய பாட்டியோ அதை வாங்கியிருந்தால் அந்தக் கோப்பில் நம்பர் இருக்க வேண்டும். நம்பர் கிடைத்ததும் அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுத வேண்டும். சர்வீஸ் கோரின் தெற்குப் பிரிவு பெங்களூரில் இருக்கிறது, அதனால் உங்களுக்கு அங்கிருந்து தொடக்கம். மற்றவர்களுக்கு: மெட்ராஸ் ரெஜிமெண்ட் வெலிங்டன், சாப்பர்ஸ் பெங்களூர், பீரங்கி நாசிக் ரோடு, இ.எம்.இ செகந்திராபாத், சிக்னல் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு லக்னோ. கடிதத்தில் நம்பர், பதவி, பெயரின் எல்லா ஆங்கில வடிவங்கள், தகப்பனார் பெயர், கிராமம், அந்தக் காலத்துத் தாலுகா, 'வட ஆற்காடு' ஜில்லா, உங்களுக்கு என்ன உறவு என்பதற்கான சான்று, படத்தின் நகல். வேலூர் மாவட்டம் என்று மட்டும் எழுதினால் பழைய பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்காது.

அவர் 1968 வரை வாழ்ந்தார் என்று சொல்லியிருப்பதால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் உங்களுக்குப் பயன்படாது. வேறு யாராவது, போரில் திரும்பாத தாத்தாவைத் தேடுகிறவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும்: 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையும், 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையும் இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள், தேடுவது இலவசம். பெயரின் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் கொடுத்து, கூடுதல் விவரத்தில் ஜில்லாப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பர்மாவில் கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு வெளியே தவுக்யானில் உள்ள நினைவுத் தூண்களில் இருக்கின்றன. ஏறத்தாழ 27,000 பெயர்கள்.

மலேயா, சிங்கப்பூரிலிருந்து வந்த படமென்றால் கணக்கு மாறும். இந்திய தேசிய ராணுவத்தில் 1942–45இல் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் காக்கியைத்தான் போட்டிருந்தார்கள். துணியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மூவர்ணச் சின்னத்தைத்தான் தேட வேண்டும். பெண் சீருடையில் இருந்தால் 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் படையை நினைவில் வையுங்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். இன்னொரு பக்கம், பட்டாளத்துப் படம் என்று வருகிறவற்றில் மலபார் ஸ்பெஷல் போலீஸ், ரயில்வே, வனத்துறை, விமானத் தாக்குதல் பாதுகாப்புப் பணியான ஏ.ஆர்.பி, 1948க்குப் பிறகு என்.சி.சி எல்லாம் கலந்திருக்கும். காக்கி போட்டவர் எல்லாரும் சிப்பாய் அல்ல.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: தோள் எழுத்தையும் ரிப்பனையும் 1200இல் ஸ்கேன் செய்து அந்த இரண்டு துண்டை மட்டும் இங்கே போடுங்கள், முத்திரையின் முழு வாசகத்தையும் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். ரிப்பனில் கோடுகளின் எண்ணிக்கை நீங்கள் சொன்னதிலிருந்து மாறினால் 1945 என்பதை நான் திரும்பப் பெற்றுக்கொள்வேன். 'ஆர்' மாறாதவரை 1935 நிற்கும்.